அடைப்புக்குறிக்காரி

அவள் வந்துபோன வீட்டில் அதற்கப்புறம் யாரும் யாரையும் எதையும் கேட்க வேண்டியிருக்காது. எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடியில் ஹால் சுவிட்ச் போர்டு ஒரு புதிர். ஃபேன் என்று நினைத்து அமுக்கினால் வாசல் விளக்கு எரியும். வாசல் விளக்கு என்று நினைத்தால் ஒன்றுமே நடக்காது. யார் வீட்டுக்கு வந்தாலும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பார்கள். நான் நாற்காலியில் சாய்ந்தபடியே, "அது இல்ல சார், அதுக்குப் பக்கத்துல, இன்னும் கொஞ்சம் கீழ" என்று வழி சொல்வேன். எலக்ட்ரீசியன் தன் மாமனாரோடு சண்டை போட்ட கையோடு வந்து வயரிங் செய்த கதையையும் சேர்த்துச் சொல்வேன். பாதிப் பேரோடு என் பழக்கம் தொடங்கியதே அந்தப் போர்டில்தான்.

அவள் இரண்டாவது முறை வந்தபோது கைப்பையிலிருந்து வெள்ளை ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். என் மனைவியிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்து, கீழே அச்சடித்தது போன்ற கையெழுத்தில் ஒட்டிக்கொண்டே போனாள். 'ஹால் ஃபேன்.' 'வாசல்.' 'வேலை செய்யாது.'

"இத்தனை வருஷமா வாய் வலிக்கச் சொல்லிட்டிருந்தீங்களே, இது ஒருநாள் தோணுச்சா உங்களுக்கு?" என்றாள் என் மனைவி.

"யாரையும் கேக்க வெக்கக் கூடாதுண்ணா," என்றாள் அந்தப் பெண். குற்றம் சொல்லும் குரலில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

அதுதான் அவளுடைய சொல். எனக்கு மனிதர்களை அவரவர் சொல்லோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வரும். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் எதற்கும், "மடிச்சிப் பாப்போம் சார்" என்பார். அம்பத்தூரில் என் கடைக்கு எதிரே இருக்கும் டீ மாஸ்டர், நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும், "ஆத்தித்தான் குடுக்கணும்" என்பார். இவர்கள் எல்லாருடைய சொல்லையும் நான் ஆசையாக எடுத்து அங்கங்கே புழங்குவேன். அவளுடைய சொல்லை மட்டும் என் வாயால் சொல்ல மனம் வந்ததில்லை. சொன்னால் அவள் கட்சியில் சேர்ந்ததாகிவிடும்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, யார், எந்த ஊர், எப்படிப் பழக்கம் என்று விளக்கம் எழுதச் சொல்வாள். படிக்கிறவர்கள் தவிக்கக் கூடாதாம்.

பூந்தமல்லிப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வாரம் முழுக்க இரும்பு முனை வைத்த கனமான ஷூ போட்டே பழகிய கால் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ரப்பர் செருப்பில் வந்தாலும் ஷூ போட்டவள் மாதிரியே பாதத்தைத் தூக்கித் தூக்கி வைப்பாள். எதைப் படித்தாலும் வரிக்குக் கீழே விரல் ஓடும். பேசுவது குறைவு. அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தால், நாம் பேசுவதில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துக்கொண்டிருப்பது போலவே எனக்குத் தோன்றும்.

அவளைக் கூட்டிவந்தது என் நண்பன் லோகுவின் மனைவி சுமதி. அவளும் அதே கம்பெனி. லோகு கம்பெனி வேன் ஓட்டுகிறவன். எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. நான் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு மாடியில் கூடி ஆடுவது வழக்கம். ஆடுவது நாங்களே கண்டுபிடித்த கார்டு விளையாட்டு. அதன் பெயர் 'டிப்போ'.

வானகரத்தில் பஸ் நகராமல் நின்ற ஒரு சாயங்காலம், நானும் லோகுவும் நின்றுகொண்டே கண்டுபிடித்தது அது. ஐயப்பன்தாங்கல் டிப்போவிலிருந்து ஒரு பஸ் கிளம்புகிறது. ஆட்டக்காரர்கள்தான் பயணிகள். கடைசி நிறுத்தம் வரும்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஒவ்வொரு கார்டிலும் ஒரே ஒரு வார்த்தை, கொட்டை எழுத்தில். 'துண்டு' என்றால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது. 'உள்ள போ' என்றால் கண்டக்டர் சத்தம் போட்டு எல்லாரையும் நகர்த்துவது. 'சில்லறை', 'தூக்கம்', 'படிக்கட்டு' என்று நம் பஸ்ஸில் கிடைப்பதெல்லாம் அதில் உண்டு.

வார்த்தை மட்டும்தான் கார்டில் இருக்கும். அதற்கு என்ன விதி என்பது என் வாயில் இருக்கும். புதிதாக யாராவது வந்தால் லோகு, "மாமே, நீ சொல்லு, உன் வாயால கேட்டாத்தான் கிக்கே" என்பான். நான் தொடங்குவேன். துண்டு என்ற கார்டைக் காட்டினால், பூந்தமல்லி ஸ்டாண்டில் துண்டு இல்லாமல் சட்டையைக் கழற்றி ஜன்னலுக்குள் வீசியவர், பஸ் நகர்ந்துவிட, பனியனோடு பின்னால் ஓடிய கதை வரும். அந்தக் கதைக்குள் கண்டக்டர் வருவார், கண்டக்டருக்குள் அவர் மச்சான் வருவார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஆட வந்தவர்களில் சிலர் ஆடாமலே போவார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் நாள் அவள் ஓரத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஆட்டம் ரொம்ப நல்லா இருக்குண்ணா. ஆனா நீங்க தண்ணி குடிக்க உள்ள போனீங்க இல்ல, அப்ப எல்லாரும் அப்படியே நிறுத்திட்டாங்க."

"ஆமாம்மா, நான் வந்துதானே சொல்லணும்."

"அதான்ணா," என்றாள்.

எனக்கு அது பாராட்டு என்றுதான் பட்டது. அவள் படியிறங்கிய பிறகும் சந்தோஷமாகவே இருந்தேன். குளிக்கும்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு லேப்டாப்போடு வந்தாள். கார்டு வடிவமைப்பதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறதாம். எங்களைப் போல ஆட்டம் கண்டுபிடிக்கிற கிறுக்கர்களுக்காக யாரோ செய்து இலவசமாக வைத்திருப்பது. எழுத்து, படம், கட்டம் எல்லாம் அதில் அமைக்கலாம். அதோடு நாமே சில வரிகள் கட்டளை எழுதிக் கொடுத்தால், அதன்படி கார்டுகளை அதுவே மாற்றிக்கொள்ளும். அப்படி ஒரு கட்டளைக்கு ஃபங்ஷன் என்று பெயர் சொன்னாள்.

"ஃபங்ஷனா? யாருக்குமா? சொல்லவேயில்ல?" என்றான் லோகு.

அவள் சிரிக்கவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ஒரு பக்கம் எங்கள் வார்த்தைகள், எதிரே அதற்கான விதிகள். கார்டில் எந்த இடத்தில் அந்த வார்த்தை வந்தாலும் ஃபங்ஷன் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, சாய்ந்த சின்ன எழுத்தில் விளக்கத்தை விரித்துவிடும். நாம் ஒவ்வொரு கார்டிலும் எழுத வேண்டியதில்லை. விதியை மாற்றினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

'துண்டு' என்று தட்டினாள். பட்டனை அமுக்கினாள். வார்த்தைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி திறந்தது. (காலியான ஜன்னல் இருக்கை ஒன்றைப் பிடித்துக்கொள். உன் அடுத்த முறை வரும்வரை அதில் யாரும் உட்கார முடியாது.)

"யப்பா! இன்னாமா இது, தானா பேசுது!" லோகு எழுந்தே நின்றுவிட்டான்.

அடைப்புக்குறி திறந்தபோது என் வாயை யாரோ சாத்தியது போல இருந்தது. பனியன்காரர் எங்கே? கண்டக்டர் எங்கே? ஒரு வரி, இரண்டாவது வரி, முடிந்தது. நான் பாதி மதியம் எடுத்துக்கொள்வதை அந்தப் பெட்டி கண் சிமிட்டுவதற்குள் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து லோகு அவளை 'அடைப்புக்குறிக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு அவன் ஒரு பட்டப்பெயர் வைத்ததில்லை.

விளக்கங்களை நான் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்வதாக ஏற்பாடு. வார்த்தைகளை அறிந்தவன் நான்தானே. 'சில்லறை' கார்டுக்கு நான் சொல்லத் தொடங்கி, மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் கை விசைப்பலகையிலேயே இருந்தது. ஓர் எழுத்துகூட அடித்திருக்கவில்லை.

"அண்ணா, இதுல எது விதி, எது கதை?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அதுதான் கொடுமை. பிறகு, (மீதி வாங்க ஒரு முறை காத்திரு) என்று அடித்துவிட்டு, "சரியாண்ணா?" என்று கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. தப்பாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஒரே ஒருமுறை அவளும் தப்பு செய்தாள். 'உள்ள போ' கார்டின் விளக்கத்தில், 'படிக்கட்டு'ப் பயணிகள் ஓர் இடம் உள்ளே நகரவும் என்று எழுதியிருந்தாள். படிக்கட்டு என்பதும் எங்கள் வார்த்தைகளில் ஒன்று. ஃபங்ஷன் விளக்கத்துக்குள்ளேயும் புகுந்து அதையும் விரித்தது. படிக்கட்டின் விளக்கமோ, கண்டக்டர் 'உள்ள போ' சொல்லும்வரை இங்கேயே நிற்கவும் என்பது. உடனே அது மறுபடி 'உள்ள போ'வை விரித்தது. அதற்குள் மறுபடி படிக்கட்டு. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் அடைப்புக்குறி. கார்டு முழுக்க எறும்புச் சாரை போல எழுத்து நிரம்பி, ஓரத்தைத் தாண்டி, லேப்டாப் ஒரேயடியாக நின்றுவிட்டது.

லோகு குனிந்து பார்த்தான். "இது கார்டு இல்ல மாமே," என்றான். "இது உன் வாய்."

மாடியே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? அவள் மட்டும் காது சிவக்க உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. கடையில் வாடிக்கையாளர்களிடம், "கம்ப்யூட்டரே திணறிப்போச்சு சார்" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். மறு ஞாயிறு வந்தாள், சரிசெய்திருந்தாள்.

"விளக்கத்துக்குள்ள வர்ற வார்த்தையை விரிக்காதன்னு சொல்லிட்டேன். ஒருவாட்டி விரிச்சா போதும்."

கம்ப்யூட்டருக்குத்தான் சொன்னாள். ஆனாலும் அன்று பனியன்காரர் கதையை நான் ஒரே தரம்தான் சொன்னேன்.

அவளுடைய கம்பெனிக்கு ஒருதரம் போயிருக்கிறேன். லேமினேஷன் செய்த தாள்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒவ்வொரு இயந்திரத்துக்கு மேலேயும் அவள் தயாரித்த தாள் தொங்கியது. படம் போட்டு, அம்புக்குறி போட்டு, முதலில் எதை அமுக்கு, சிவப்பு விளக்கு வந்தால் என்ன செய், எந்தச் சத்தம் வந்தால் பயப்படாதே என்பதுவரை. வடநாட்டுப் பையன்களுக்காகக் கீழே இந்தியிலும் இருந்தது. தாளை வாங்கிக்கொண்ட சூப்பர்வைசர் என் வயதுக்காரர். காது மடலில் பென்சில் செருகியிருந்தார்.

"நல்லா பண்ணியிருக்காங்க இல்ல சார்?" என்றேன்.

"நல்லாத்தான் கீது." அவர் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மின்னாடியெல்லாம் ஒரு ஷிஃப்டுக்குள்ள எத்தினி தபா 'அண்ணா, அண்ணா'ன்னு கூப்புடுவானுங்க தெரியுமா? டீ குடிக்க வுட மாட்டானுங்க. இப்ப நிம்மதியா குடிக்கிறேன்."

"நல்லதுதானே?"

"எவனாச்சும் கூப்புடுவானான்னு பாத்துகினே இருக்கேன், டீ ஆறிப்பூடுது சார்," என்றார்.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வேலை நேரமாயிற்றே என்று கையை மட்டும் குலுக்கிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது அவளும் ஷிஃப்ட் முடிந்து வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஆவடி போகும் வழி கேட்டு ஓர் அம்மா வந்தார், கையில் மருந்துப் பை. எனக்குப் பிடித்த வேலையாயிற்றே. எந்த பஸ், எங்கே மாற வேண்டும், முன்பு அங்கே இருந்த ரயில்வே கேட், மழைக்காலத்தில் எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும் எல்லாம் சொன்னேன். அந்த அம்மா, "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிவிட்டு, வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். எதிர்ப்பக்கம் போகிற பஸ்.

நான் கையைத் தட்டிக் கூப்பிடுவதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

"புரியலன்னு சொல்ல மாட்டாங்கண்ணா," என்றாள் அவள். "நீங்க அவ்ளோ ஆசையா சொல்றீங்க. எப்படி சொல்வாங்க? தலையாட்டிட்டுப் போயிடுவாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் தலையாட்டற ஆளுதான்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நானாக இருந்தால் அந்த ஒரு வரியை வைத்துப் பூந்தமல்லி வரை பேசிக்கொண்டு போயிருப்பேன். அவள் தன் வாழ்க்கைக்கு மட்டும் அடைப்புக்குறி போட மாட்டாள் போலிருக்கிறது. முதல் நாள் எங்கள் மாடி ஓரத்தில் அவள் எத்தனை முறை தலையாட்டினாள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் அவளைப் பார்க்கவே இல்லை. கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் டிப்போவை அச்சுக்குக் கொடுக்கும் பேச்சு வந்தது. லோகுவுக்குத் தெரிந்த பிரஸ்காரர் போட்டுத் தர ஒப்புக்கொண்டார். ஒரு வடிவம்தான் போட முடியும். அடைப்புக்குறியோடு போடுவதா, வெறும் வார்த்தையோடு போடுவதா என்பதுதான் கேள்வி. எனக்கு அது சாதாரணக் கேள்வியாகத் தெரியவில்லை. விளக்கத்தோடு அச்சானால் அந்தப் பெட்டி எந்தெந்த வீட்டுக்கோ போகும், யார் யாரோ ஆடுவார்கள், ஒருவருக்கும் நான் வேண்டியதில்லை. வெறும் வார்த்தையோடு போனால் ஆட்டம் இருக்கும் இடத்தில் நான் இருந்தாக வேண்டும்.

"கதை இல்லாம ஆட்டம் செத்துப்பூடும் லோகு," என்றேன்.

லோகு எனக்கும் அவளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தலையைச் சொறிந்தான். வழி சொன்னது அவள்தான்.

"அண்ணாவுக்கு விளக்கம் வேணாம்னா ஃபங்ஷன்ல ஒரே ஒரு இடத்துல மாத்தினா போதும், எல்லாக் கார்டுலயும் மறைஞ்சிடும். மாதிரிக்கு ரெண்டு செட்டும் அண்ணா கடையிலயே எடுத்துக்கலாம். ஆடிப் பாத்து எதுன்னு முடிவு பண்ணலாமே."

அவ்வளவு சுலபமாக என்னை மறைக்கவும் காட்டவும் அவளிடம் ஒரு சுவிட்ச் இருந்தது.

வானகரத்தில் சுமதியின் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில், ஒரு விடுமுறை நாளில் எல்லாரும் ஹாலில் கூடும் நிகழ்ச்சி. எங்களுக்கு இரண்டு மேஜை கொடுத்தார்கள். ஒன்றில் வெறும் வார்த்தைக் கார்டு, நான். இன்னொன்றில் அடைப்புக்குறிக் கார்டு, அவள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

என் மேஜையில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கல்லூரிப் பெண்கள் இருவர், குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு தாய். தொடங்கினேன். அன்றைக்குப் பேசியது போல நான் என்றும் பேசியதில்லை. பனியன்காரர் ஓடினார், கண்டக்டர் விசிலடித்தார், மச்சான் சண்டைக்கு வந்தார். கல்லூரிப் பெண்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நடுவில் அவள் மேஜையை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளைக் காணோம். பெட்டியை வைத்துவிட்டு, காபி கொடுக்கும் இடத்தில் சுமதியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ வேண்டுமோ என்று அருகில் வந்தாள்.

"நீ உக்காரலையாம்மா?"

"எதுக்குண்ணா?" என்றாள். நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

அவள் மேஜையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒரு கார்டை எடுக்கிறார்கள், படிக்கிறார்கள், ஆடுகிறார்கள். "டேய், துண்டு போட்டுட்டேன், எழுந்திரு!" என்று ஒருவன் கத்துகிறான். "படிக்கட்டுலயே நில்லு மச்சான், இன்னும் உள்ள போ வரல" என்று இன்னொருவன் பதில் சொல்கிறான். ஒருவரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

என் மேஜையில் குழந்தை அழ, அந்தத் தாய் எழுந்து போய் வந்தார். வந்தவர், "எங்க விட்டோம்?" என்று கேட்டார். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ரயில்வே பெரியவர் என் கையை மெல்லப் பிடித்தார்.

"தம்பி, உங்க பேச்ச கேட்டுகினே இருக்கலாம் போல கீது. சத்தியமா சொல்றேன். ஆனா நம்ம பஸ் எப்பப்பா கெளம்பும்?"

கல்லூரிப் பெண்கள் அதற்கும் சிரித்தார்கள். அந்தத் தாய் சிரித்துக்கொண்டே நழுவி அடுத்த மேஜையில் போய் உட்கார்ந்தார். அங்கே பாதி ஆட்டத்தில் சேர்ந்தார். கார்டு எடுத்தார், விரலை வைத்துப் படித்தார், ஆடினார். அவ்வளவுதான்.

என் மேஜை தானாகக் கலைந்த பிறகு நான் அந்த மேஜைக்குப் பின்னால் போய் நின்றேன். எங்காவது ஒரு விதியைத் தப்பாக ஆடுவார்கள், அப்போது குனிந்து சொல்லலாம் என்று காத்திருந்தேன். ஒரு வாலிபன் கார்டைத் திருப்பிப் பிடித்தபடி நிமிர்ந்தான்.

"அண்ணாத்தே, கொஞ்சம் நவுருங்களேன். வெளிச்சம் மறைக்கிது."

நகர்ந்தேன்.

லோகு வந்து என் தோளில் கை போட்டான். "அடைப்புக்குறி போட்டே அடிச்சிடலாம் மாமே," என்றான், காதோடு காதாக. அவன் சத்தமாகச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்த மெதுவான குரல்தான் தாங்கவில்லை. அவள் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்க டேபிள்லதான் சிரிப்பு ஜாஸ்திண்ணா."

"சிரிச்சாங்க. யாரும் ஆடலையே."

"ஆமாண்ணா," என்றாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது. அதையாவது நான் அவளைவிட நன்றாகச் செய்வேன்.

டிப்போ அச்சாகி வந்தது. பெட்டிகள் எங்கெங்கோ போயின. நான் முன்பின் பார்த்திராத ஒருவர் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்து, தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் இதே ஆட்டம்தான் என்று என்னிடமே சொன்னார். எப்படி ஆடுவது என்று எனக்கு விளக்கவும் செய்தார். சரியாகத்தான் விளக்கினார்.

கொஞ்ச நாளில் அவளுக்கு ஓசூரில் வேறு வேலை கிடைத்தது. போகும்முன் அந்த ஃபங்ஷன் இருந்த பென்டிரைவை லோகுவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தாள். "வார்த்தை எழுதறது நீங்கதானே அண்ணா. புதுசு சேக்கணும்னா இதுல சேருங்க." நான் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன். திறக்கும் எண்ணமே இல்லை.

ஷேர் ஆட்டோவை வைத்துச் சில கார்டுகள் சேர்க்கலாம் என்று லோகு நச்சரித்தபோது, போன மாதம்தான் திறந்தேன். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் என் ஜெராக்ஸ் கடையில் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டதுதான். ஃபங்ஷன் பக்கம் தலைவைத்ததே இல்லை. ஒரு மணி நேரம் தடுமாறுவேன், பிறகு அவளுக்கு போன் போட்டு, "என்னம்மா எழுதி வெச்சிருக்க, தலையும் புரியல காலும் புரியல" என்று தொடங்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பேச்சு எப்படி எப்படியெல்லாம் போகும் என்றுகூட மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன்.

ஒவ்வொரு கட்டளை வரிக்கு மேலேயும் தமிழில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். 'புதிய வார்த்தையை இங்கே எழுதவும்.' 'விளக்கத்தை இங்கே எழுதவும். இரண்டு வரிக்குள் இருந்தால் கார்டில் அடங்கும்.' 'இந்த இடத்தில் ஆம் என்று இருந்தால் விளக்கம் தெரியும். இல்லை என்று மாற்றினால் மறையும்.' 'இதற்குக் கீழே எதையும் தொட வேண்டாம். தொட்டுவிட்டாலும் பயப்பட வேண்டாம், பழைய பிரதி பக்கத்திலேயே இருக்கிறது.' நான் 'இடிச்சி உக்காரு' என்ற புது வார்த்தையைச் சேர்த்தேன். பட்டனை அமுக்கினேன். முதல் தடவையிலேயே விரிந்தது.

விடுவதாக இல்லை நான். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தேன். அவள் சொல்லாமல் விட்ட ஓர் இடம், ஒரே ஓர் இடம் கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை.

கிடைக்காமலே போன் போட்டேன்.

"அண்ணா! எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா. அந்த ஃபங்ஷன் திறந்து பாத்தேன்."

அவளிடம் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில், "எங்கயாவது எழுதாம விட்டுட்டனாண்ணா?" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரை மணி நேரம் பேசுவாள். மறுநாளும் கூப்பிடுவாள்.

"இல்லம்மா. எல்லாம் இருக்கு. போட்டேன், முதல் தபாவே வந்திடுச்சு."

"அப்பாடா!" என்றாள். "அப்ப என்னைக் கேக்க வேண்டியதே இல்ல இல்லண்ணா?"

"இல்லம்மா. நீ தேவையே இல்ல."

அவள் சிரித்தாள். அந்த மாடியில் எத்தனையோ ஞாயிறுகள் பனியன்காரரை ஓடவிட்டும் நான் அவளிடமிருந்து வாங்க முடியாத சிரிப்பு. வாய்விட்டு, மனம் விட்டு, பரிசு வாங்கிய பிள்ளை சிரிப்பது போல. தான் தேவையில்லை என்று கேட்டு ஒரு மனுஷி அப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. சிரித்து முடித்து, "ரொம்ப சந்தோஷம்ணா, வெச்சிடட்டுமா?" என்று கேட்டு, வைத்துவிட்டாள்.

லோகு பக்கத்தில்தான் இருந்தான். "இன்னா மாமே சொல்லுச்சு?"

போனைக் கீழே வைத்தேன். சொல்வதற்கு அவள் எனக்கு ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கவில்லை.